அண்ணனின் மாத்திரையும் என் இமையும்

போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 112 என்று இருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அதே லேபில் எடுத்தபோது 172. இந்த அறுபது புள்ளி எப்படி இறங்கியது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு மாத்திரை என் கண் இமையைத் தொங்க வைத்து, குரலையும் கெடுத்தது. அதே வகை மாத்திரைதான் என் அண்ணனின் இதயத்துக்கு இன்றைக்கும் காவல். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றை விட்டால் யாராவது ஒருவருக்குக் கெடுதல் வந்துவிடும் என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ் இருப்பது தெரிந்து ஏழு வருஷம் ஆகிறது. பெயர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நரம்பு தசைக்குச் செய்தி அனுப்புவது அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. தசையின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, அந்த ஏற்பிகளுக்கு எதிராக ஆன்டிபாடி செய்து, அவற்றை மறித்தும் அழித்தும் விடுகிறது. காலையில் எழுந்ததும் தசை ஓரளவு நன்றாக இருக்கும். வேலை வாங்க வாங்க ஓய்ந்துபோகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரும்பி வரும்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறேன். முதல் பீரியடில் கணீரென்று இருக்கிற குரல் நாலாவது பீரியடில் மூக்கால் வரும். போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் இரட்டை இரட்டையாகத் தெரிவார்கள். தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-ல் வெளியிட்ட லத்தீன் நூல் ஒன்றில் இப்படி ஒரு பெண் வருகிறாள். காலையில் சரளமாகப் பேசுவாள், நிறையப் பேசிவிட்டால் நாக்கு ஓய்ந்து ஒரு சொல்லும் வராது, ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் பேச்சு திரும்பும். இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. முந்நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒருத்திக்கும் என்னைப் போலவே மத்தியானம் குரல் போயிருக்கிறது.

1934-ல் லண்டன் கிரீனிச்சில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், குராரே விஷத்துக்கு முறிவாக இருந்த ஃபைசோஸ்டிக்மினை இந்த நோய் உள்ள ஒருவருக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை எழுந்தது. நான் தினமும் மூன்று வேளை போடும் பைரிடோஸ்டிக்மின் அதே குடும்பம்தான். ஆனால் அது அந்த நேரத்துக்குத் தெம்பு கொடுக்கிற மாத்திரை. நோயை அடக்குவதற்கு எதிர்ப்புச் சக்தியையே தணிக்க வேண்டும். அங்கேதான் ப்ரெட்னிசோலோன் வருகிறது, அதாவது ஸ்டீராய்டு. கொழுப்புக் கதையும் அங்கேதான் ஆரம்பம்.

ஸ்டீராய்டு எனக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்த மருந்து. அதைத் திட்டி ஒரு வரி எழுத மாட்டேன். ஆனால் அது உடம்பின் கணக்கையே மாற்றுகிறது. பசி கூடுகிறது. இன்சுலின் சொல்வதைத் தசையும் ஈரலும் சரியாகக் கேட்பதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் அவிழ்ந்து ரத்தத்தில் இறங்குகின்றன. ஈரல் அவற்றை எடுத்துப் பொட்டலம் கட்டித் திரும்ப ரத்தத்துக்கே அனுப்புகிறது. அந்தப் பொட்டலம்தான் ட்ரைகிளிசரைடாகவும் பிறகு எல்.டி.எல்.லாகவும் ரிப்போர்ட்டில் வந்து நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண் ஏறும். எனக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் போய், 20-க்கு இறங்கி, அதிலேயே வெகுநாள் நின்றது. 58 கிலோவாக இருந்தவள் 69 ஆனேன்.

இன்னொரு விஷயத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். தாடைத் தசை ஓய்ந்துபோகிற நோயாளி எதைச் சாப்பிடுவாள்? மெல்ல வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக விடுவாள். முதலில் வேர்க்கடலை போயிற்று. அப்புறம் சுண்டல், கேரட், கொய்யா, முருங்கைக்காய். கடைசியில் என் தட்டில் மிஞ்சியது குழைந்த சோறு, ரசம், இட்லி, ரவாக் கஞ்சி, டீயில் முக்கிய பிஸ்கெட். அம்மா பாசத்தில் சாதத்தை இன்னும் குழைய வடிப்பாள். “தொண்டையில வழுக்கிட்டு எறங்கட்டும்டி” என்பாள். விழுங்கச் சிரமம் இருந்த மாதங்களில் அந்தக் கஞ்சிதான் என்னைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் விழுங்குவது சரியான பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. நார்ச்சத்து போய் மாவுச்சத்தும் சர்க்கரையும் மட்டும் உள்ளே போனால் ட்ரைகிளிசரைடு ஏறாமல் என்ன செய்யும்? ஊர் உலகம் “கொழுப்பு ஏறிடுச்சா, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை” என்கிறது. நான் வடை சாப்பிட்டே ஒரு வருஷம் ஆகியிருந்தது. வடையைக் கடிக்கத் தாடையில் தெம்பு இருந்தால்தானே.

நம் மண்ணில் பிறந்தவர்களுக்கு ஆரம்பமே கொஞ்சம் பள்ளத்தில்தான். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்தக் கணக்கில் 79 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு சரியில்லை. 72.3 சதவீதம் பேருக்கு நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். குறைவு. இது நோயே இல்லாதவர்களையும் சேர்த்த கணக்கு. அதன் மேல் ஸ்டீராய்டு, அதன் மேல் நடக்க முடியாத கால், அதன் மேல் குழைந்த சோறு.

இதெல்லாம் எனக்கு இரண்டரை வருஷத்துக்கு முன்னால் தெரியாது. நரம்பு டாக்டரிடம் போனால் இமை, குரல், மூச்சு. சுகரும் பிரஷரும் பார்ப்பார்கள். கொழுப்பைப் பற்றி நான் கேட்டதில்லை. இமை நின்றாலே பெரிய விஷயம் என்று இருந்த காலம் அது.

அப்போதுதான் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. ஐம்பத்தொரு வயது. காலையில் கடையைத் திறந்து ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சு அடைத்திருக்கிறது. நல்ல வேளை, பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அந்த டாக்டர் எங்களைப் பார்த்து, “கூடப் பொறந்தவங்க எல்லாரும் ஒருதடவ லிப்பிட் பார்த்துக்குங்க” என்றார்.

மறுநாள் வெறும் வயிற்றில் போய்க் கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 268. ட்ரைகிளிசரைடு 290. எச்.டி.எல். 38. எல்.டி.எல். 172. கடைசி எண் எப்படி வருகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பல லேபுகளில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். 1972-ல் ஃப்ரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் கொடுத்த சூத்திரம் அது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழிக்க வேண்டும், பிறகு ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். 268-ல் 38 போக 230. அதில் 58 போக 172. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு நம்பகமில்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சில சமயம் அந்த எல்லைக்குப் போய்விடும். அப்போது நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்த எங்கள் பக்கத்து டாக்டர் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் 20 எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அண்ணனுக்கு அந்த வயதில் மாரடைப்பு, தங்கைக்கு இந்த எண், யாராக இருந்தாலும் எழுதுவார்கள். எனக்கு நோய் தெரிந்த புதிதில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மருந்துகள் என்று. சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், மெக்னீசியம் ஊசி, பீட்டா பிளாக்கர். மடித்து மடித்துக் கிழிந்த அந்தத் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஸ்டாட்டின் அதில் இல்லை. நானும் போட்டேன்.

பதினெட்டாம் நாள். சாயங்காலம் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கண்ணாடியில் பார்த்தால் இடது இமை கண் பாப்பாவைப் பாதி மூடியிருந்தது. ஒன்றரை வருஷமாக நன்றாக இருந்த இமை. சரி, பரீட்சை நேரத்து அலுப்பு என்று படுத்துவிட்டேன். இரண்டு நாளில் குரல் முதல் பீரியடிலேயே மூக்குக்குப் போயிற்று. இட்லி தொண்டையில் நின்றது.

வலி மட்டும் இல்லை. என்னை ஏமாற்றியது அதுதான். ஸ்டாட்டின் என்றால் தொடை வலிக்கும், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் தொடையை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, ஆக மாத்திரை காரணமில்லை என்று இருந்துவிட்டேன். எங்கள் நோயில் பார்க்க வேண்டிய இடம் வேறு. இமை, இரட்டைப் பார்வை, குரல், விழுங்குதல், மூச்சு. தசை வலி இல்லாமலே இவை மோசமாகலாம். அன்றைக்கு எடுத்த சி.பி.கே. என்ற தசை நொதி கூட சரியான அளவில்தான் இருந்தது.

நரம்பு டாக்டருக்குப் போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி மூச்சைப் பற்றி. “டீச்சர், நல்லா மூச்ச இழுத்துட்டு, ஒரே மூச்சில ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, நான் கேட்டுட்டு இருக்கேன்.” வழக்கமாக நாற்பதைத் தாண்டுவேன். அன்று இருபத்தெட்டில் நின்றது. “புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?” என்றார். சொன்னேன். “இன்னைக்கு ராத்திரி அதப் போடாதீங்க. காலையில வாங்க. இருபதுக்குக் கீழ எறங்கினாலோ, படுக்க முடியலன்னாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க.”

ஸ்டாட்டினை நிறுத்தி நாலு வாரத்தில் இமை பழைய இடத்துக்கு வந்தது. குரலுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. பைரிடோஸ்டிக்மினைக் கொஞ்ச நாள் கூட்டிக் கொடுத்தார்கள். அட்மிட் ஆகாமல் தப்பித்தேன்.

என்னைப் போல் எத்தனை பேருக்கு ஆகும் என்று கேட்டேன். அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொன்னார். ஸ்டாட்டின் எடுத்த 54 மயஸ்தீனியா நோயாளிகளில் 6 பேருக்கு நோய் கூடியது. பெரும்பாலும் கண், வாய், தொண்டைத் தசைகளில். முதல் வாரத்திலிருந்து நாலு மாதத்துக்குள். என் பதினெட்டாம் நாள் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள், 48 பேருக்கு நோய் கூடவில்லை. 2023-ல் ஐரோப்பிய மருந்து முகமை, ஸ்டாட்டின்களின் எச்சரிக்கைக் குறிப்பில் மயஸ்தீனியாவைச் சேர்க்கச் சொன்னது. அரிதாகப் புதிதாக வரவும் வைக்கலாம், இருப்பதைக் கூட்டவும் செய்யலாம் என்று. அந்தக் குறிப்பும் யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கவனித்துக் கொடு, அறிகுறி வந்தால் நிறுத்து, மருத்துவரிடம் போ என்கிறது.

அடுத்த முறை காத்திருக்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர், ரிட்டயரான பஸ் கண்டக்டர், என்னைவிடப் பழைய நோயாளி. “நா எட்டு வருஷமா அந்த மாத்திரதாம்மா போடுறேன். எனக்கு ஒண்ணும் பண்ணல. ஆனா ஆரம்பிக்கும்போது டாக்டரு மூணு மாசம் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வரச் சொன்னாரு” என்றார். நோய் ஒன்று, மாத்திரையும் ஒன்று, உடம்பு வேறு.

இந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. நான் நிறுத்தியதைக் கேள்விப்பட்டு அண்ணனும் நிறுத்திவிட்டான். அண்ணிதான் போன் பண்ணினாள். “தங்கச்சிக்கே ஒத்துக்கலையாம், நமக்கு எதுக்குன்னு நாலு நாளா போடல, அவரு.” எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

“அண்ணே, எனக்கு இருக்கற வியாதி ஒனக்கு இல்ல. ஒனக்கு இருக்கற அடைப்பு எனக்கு இல்ல. நீ அத நிறுத்தக் கூடாது.”

“இல்லம்மா, கண்ணெல்லாம் சொருகிடுச்சுன்னாங்களே…”

“எனக்குச் சொருகிச்சு. ஒனக்குச் சொருகல இல்ல? இப்ப எடு, எங்கண்ணு முன்னாடி போடு.”

போட்டான். அவனுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே வர வேண்டும் என்பது அவன் டாக்டர் சொன்ன இலக்கு. அந்த இடத்துக்குக் கொண்டுபோவதில் ஸ்டாட்டினின் பங்கை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970-களின் தொடக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து, கியோட்டோவின் ஒரு தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து இந்த வகையின் முதல் மருந்தைக் கண்டெடுத்தார். அந்த அரிசிப் பூஞ்சையின் வழித்தோன்றல்தான் என் அண்ணனின் ராத்திரி மாத்திரை.

எனக்கு வேறு வழி தேட வேண்டும். நரம்பு டாக்டர் உடனே இன்னொரு மாத்திரை எழுதவில்லை. “மொதல்ல ஏன் ஏறுச்சுன்னு பாப்போம்” என்று தைராய்டு பார்க்கச் சொன்னார். டி.எஸ்.எச். 14. அதாவது தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறது.

எங்கள் நோயோடு தைராய்டு கோளாறு சேர்ந்து வருவது புதிதில்லை. எதிர்ப்புச் சக்தி ஓரிடத்தில் தடம் மாறினால் இன்னோரிடத்திலும் மாறலாம். தைராய்டு குறைந்தால் ஈரல், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எடுத்துக்கொள்வது மந்தமாகிறது, எண் ஏறுகிறது. அதோடு, தைராய்டு குறைவை கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைக்குக் கெடுதல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அலுப்பு, தசைத் தளர்ச்சி, எடை ஏற்றம் எல்லாவற்றையும் நான் மயஸ்தீனியா கணக்கிலும் ஸ்டீராய்டு கணக்கிலும் எழுதி வைத்திருந்தேன். உள்ளே மூன்றாவதாக ஒரு திருடன். இதைப் படிக்கிற யாருக்காவது எங்கள் நோயும் இருந்து கொழுப்பும் ஏறியிருந்தால், கொழுப்பு மாத்திரைக்கு முன்னால் டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று தயவுசெய்து கேளுங்கள். தைராய்டு மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றினார்கள். மூன்றரை மாதத்தில், கொழுப்புக்கென்று தனியாக ஒரு மாத்திரையும் இல்லாமல், 172 என்பது 146 ஆயிற்று.

அடுத்தது ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் இன்னொரு மாத்திரையான அசதயோபிரினை எனக்கு முன்பே ஆரம்பித்திருந்தார்கள். அது மெதுவாக வேலை செய்யும், பலன் முழுதாகத் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். அந்தப் பலன் தெரியத் தெரிய ப்ரெட்னிசோலோனை 20-லிருந்து படிப்படியாக 7.5-க்குக் கொண்டுவந்தார் டாக்டர். இதை நீங்களாகச் செய்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோயும் திரும்பும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பும் கைகொடுக்காமல் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டைக் குறைக்க சைக்ளோஸ்போரின் கொடுக்கப்படுகிறவர்களும் உண்டு. அது கொழுப்பை ஏற்றும், சில ஸ்டாட்டின்களின் அளவையும் ரத்தத்தில் பல மடங்கு கூட்டும். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்டேயாக வேண்டும்.

சாப்பாட்டை நேரம் பார்த்து மாற்றினேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பைரிடோஸ்டிக்மின் போட்டு முக்கால் மணி நேரத்தில் தாடைக்கு நல்ல தெம்பு இருக்கும். அந்த நேரத்தை மெல்ல வேண்டிய சாப்பாட்டுக்கு ஒதுக்கினேன். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையைக் குக்கரில் நாலு விசில் கூடவே விட்டு, பாதியை மசித்துச் சுண்டல். கீரை மசியல். பீர்க்கங்காய், சுரைக்காய் என்று மிருதுவாக வேகும் காய். சோறு ஒரு கிண்ணம் அளந்து. டீயில் முக்கும் பிஸ்கெட்டை நிறுத்தியதுதான் கஷ்டமாக இருந்தது, மிருதுவாக இருந்த ஒரே நொறுக்குத்தீனி அது. ரேஷன் பாமாயிலை விட்டுக் கடலை எண்ணெய்க்கு மாறினோம், அதையும் அளந்து. அம்மாவுக்கு முதலில் வருத்தம். “சோத்தக் கொறச்சா தெம்பு எங்கேருந்து வரும்?” என்றாள். இப்போது கொண்டைக்கடலை ஊறவைப்பது அவள்தான்.

நடை மூன்று துண்டாக. காலை மாத்திரைக்குப் பிறகு பத்து நிமிஷம், சாயங்காலம் வெயில் தாழ்ந்து பத்து, ராத்திரி மாடியில் பத்து. வெயில் எங்கள் தசைக்கு எதிரி. திருச்சி வெயிலில் ஒரே மூச்சாக அரை மணி நேரம் நடக்கச் சொல்வது எனக்கு உதவாத அறிவுரை.

இத்தனையும் செய்து எல்.டி.எல். 134-ல் நின்றது. ட்ரைகிளிசரைடு 290-லிருந்து 180-க்கு வந்திருந்தது. அப்போதுதான் எசெடிமைப் 10 ஆரம்பித்தார்கள். ஸ்டாட்டின் ஈரலில் கொலஸ்ட்ரால் தயாராவதைத் தடுக்கிறது. எசெடிமைப் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. தனியாகக் கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக எல்.டி.எல். இறங்கும், ஸ்டாட்டின் அளவுக்கு வலு கிடையாது. இதையும் இமையைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன். 134, 112 ஆயிற்று.

பெம்படோயிக் அமிலம் என்று இன்னொன்று இருக்கிறது. ஈரலில்தான் அது செயலுள்ள மருந்தாக மாறும், தசையில் மாறாது. கேட்டதும் நமக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஆசை வந்தது. டாக்டர் இன்னொரு பக்கத்தையும் காட்டினார். அரிதாகத் தசைநார் அறுந்துபோகலாம், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று அந்த மருந்தின் குறிப்பே சொல்கிறது. யூரிக் அமிலமும் ஏறும். “ஒங்க ஸ்டீராய்டு இன்னும் எறங்கட்டும் டீச்சர்” என்றார்.

எங்கள் நோய்க்குப் புதிதாக வரும் ஊசிகளைப் பற்றியும் கேட்டேன். நம் ஆன்டிபாடிகள் சீக்கிரம் அழியாமல் காத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பி ஒன்று உடம்பில் இருக்கிறது. அதை மறித்தால் கெட்ட ஆன்டிபாடியும் சேர்ந்து குறையும். அருமையான யோசனை. ஆனால் அதே ஏற்பிதான் ஆல்புமின் என்ற புரதத்தையும் காக்கிறது. இந்த வகையில் பாடோக்ளிமாப் என்ற மருந்தைச் சோதித்தபோது சிலருக்கு ஆல்புமின் குறைந்து கொலஸ்ட்ரால் ஏறியது. 2021-ல் சோதனையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஃப்கார்டிஜிமோட் ஆல்புமினைக் குறைப்பதில்லை. ஒரே கதவைத் தட்டுகிற இரண்டு மருந்து, கொழுப்பில் இரண்டு விதம். எந்தப் புது மருந்து வந்தாலும் இனி லிப்பிட் எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்று, வீணாகப் பயப்படாமல் இருப்பதற்காக. சிலருக்கு ஆன்டிபாடி பரிசோதனையில் எல்.ஆர்.பி.4 என்று வரும். அந்தப் புரதத்தின் முழுப்பெயரை விரித்தால் எல்.டி.எல். ஏற்பியின் பெயர் உள்ளே இருக்கும். குடும்பப் பெயர் அது. அந்த ஆன்டிபாடி இருப்பதால் கொலஸ்ட்ரால் நோய் என்று அர்த்தமில்லை. தெரிந்த பெண் ஒருத்தி அப்படி நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறாள்.

சரி, 112 போதுமா? அண்ணனுக்கு வந்ததை வைத்துப் பார்த்தால் இன்னும் இறங்கினால் நல்லது. இதைத்தான் போன வாரம் இதய டாக்டரிடம் கேட்டேன். அவர் என் பழைய சி.டி. ஸ்கேனைக் கொண்டுவரச் சொன்னார். தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எங்கள் நோயாளிகள் எல்லோருக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுப்பார்கள், போன வருஷம் மறுபடியும் எடுத்தது என்னிடம் இருந்தது. அதை நரம்பு டாக்டர் தைமஸுக்காகப் பார்த்தார். இவர் அதே படத்தில் இதயத்தின் ரத்தக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறதா என்று தேடினார். இதயத்துக்கென்று எடுத்த ஸ்கேன் அளவுக்குத் துல்லியமில்லை, ஆனால் கனமாகப் படிந்திருந்தால் தெரியும் என்றார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “எனக்கு ஒண்ணும் தெரியல. இப்ப ஸ்டாட்டினுக்கு அவசரப்பட வேணாம். ஆறு மாசத்துல லிப்பிட், ஒருதடவ லிப்போபுரோட்டீன் ஏ. அதுல ஏதாவது வந்தா ஒங்க நரம்பு டாக்டர்கிட்ட நானே பேசுறேன்” என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

நானே பேசுகிறேன் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாள் இரண்டு பேருக்கும் நடுவில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான்தான் அலைந்தேன். கடிதத்தைப் பர்ஸில் வைக்கும்போது அந்தப் பழைய தாளை எடுத்து, மெக்னீசியத்துக்குக் கீழே ஸ்டாட்டின் என்று பேனாவில் எழுதினேன். பக்கத்தில் ‘கவனித்துப் போடலாம்’ என்றும் சேர்த்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் போன் பண்ணுவான். “போட்டாச்சா?” என்பான். “போட்டேன், நீ?” என்பேன். அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று, மேலே பார்த்து அறுபது எண்ணுவேன். இமை எந்த எண்ணில் இறங்குகிறது என்று நோட்டில் குறிப்பேன். நேற்று அறுபது வரைக்கும் இறங்கவில்லை.